‘குடும்பத்தில் யாருக்காவது இனிப்பு நீர் உண்டா?’ அந்த ஒரு கேள்விக்குச் சரியாகப் பதில் எழுத ஒரு வழிகாட்டி

பினாங்கில் புதிதாக ஒரு கிளினிக்குக்குப் போனால் முதலில் ஒரு பாரம் கொடுப்பார்கள். பெயர், அடையாளக் கார்டு எண், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, அப்புறம் நடுவில் ஒரு வரி: குடும்பத்தில் கென்சிங் மானிஸ், அதாவது இனிப்பு நீர் என்று நாம் சொல்லும் நீரிழிவு, உண்டா? பக்கத்தில் ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். 31 வயதில் நான் ‘இல்லை’ என்ற கட்டத்தில் கோடு போட்டேன். பொய் சொல்ல நினைக்கவில்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மூன்று வருடம் கழித்துப் பெரியப்பா தவறினார். பட்டர்வொர்த் வீட்டில் பதினாறாம் நாள் காரியம் முடிந்து உட்கார்ந்திருந்தோம். வெற்றிலை மடித்துக்கொண்டே அத்தை சொன்னார்: “அண்ணனுக்கும் எங்கப்பா மாதிரியேதான், கால்ல புண்ணு வந்து ஆறாமப் போச்சு.” தாத்தாவுக்குமா என்று கேட்டேன். “ஆமாம்மா, தோட்டத்து ஆஸ்பத்திரியில ரெண்டு விரலை எடுத்தாங்களே. உங்கப்பாவும்தான் பதினஞ்சு வருசமா மாத்திரை சாப்பிடுறாரு. உன்கிட்ட சொல்லலையா?”

அப்பா சொல்லவில்லை. பிள்ளைகள் பயப்படக்கூடாது என்று மாத்திரையைச் சாமி மேடைக்குப் பின்னால் வைத்திருந்தார். அடுத்த வாரமே நான் இரத்தம் கொடுத்தேன். வெறும் வயிற்றில் சர்க்கரை 6.4 (இங்கே லிட்டருக்கு மில்லிமோல் கணக்கு). இனிப்பு நீர் இன்னும் வரவில்லை, ஆனால் வாசல் வரைக்கும் வந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். அந்த மூன்று வருடத்தை நினைத்தால் இன்றும் மனசு அடித்துக்கொள்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். இந்த வேலையை முதல் முறையாகச் செய்கிறவர்கள் எங்கே தொடங்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும், தெரிந்துகொண்டதை என்ன செய்ய வேண்டும் என்று படிப்படியாகச் சொல்லப் பார்க்கிறேன்.

மலேசியச் சுகாதார அமைச்சு 2019இல் நாடு முழுவதும் நடத்திய ஆய்வில், 18 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இரத்தத்தில் சர்க்கரை கூடியிருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் 31.4 விழுக்காடு. அதாவது பத்துப் பேரில் மூன்று பேர். இதைவிட என்னை உலுக்கியது வேறொன்று. நாடு முழுவதும் சர்க்கரை கூடியிருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது தங்களுக்கு இருப்பதே அதுவரை தெரியாது. ஆகவே ஓர் உறவினர் “எனக்கு அதெல்லாம் இல்லப்பா” என்று சொன்னால், அடுத்த கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: “எப்போ கடைசியா இரத்தம் கொடுத்துப் பாத்தீங்க?”

முதல் படி: இரத்த உறவை மட்டும் தாளில் வரையுங்கள்

ஒரு வெள்ளைத் தாள் போதும். நடுவில் உங்கள் பெயர். உங்களைச் சுற்றி முதல் வட்டத்தில் அம்மா, அப்பா, கூடப் பிறந்தவர்கள், பெற்ற பிள்ளைகள். இரண்டாம் வட்டத்தில் இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டிமார், அம்மாவுடன் பிறந்தவர்கள், அப்பாவுடன் பிறந்தவர்கள். மூன்றாம் வட்டத்தில் பெரியப்பா, சித்தி, மாமா, அத்தை வழிப் பிள்ளைகள். மருத்துவருக்கு முதல் வட்டம்தான் மிக முக்கியம். இரண்டாவது வட்டம் துணைக்கு நிற்கும். மூன்றாவதில் யாருக்காவது சின்ன வயதிலேயே வந்திருந்தால் மட்டும் எழுதினால் போதும்.

நம் குடும்பங்களில் இந்த இடத்தில்தான் தடுமாற்றம் வரும், கொஞ்சம் நிதானமாகச் செய்யுங்கள். நம் உறவுச் சொற்கள் இரத்த உறவையும் திருமண உறவையும் ஒரே பெயரில் சேர்த்து வைத்திருக்கின்றன. அத்தை என்றால் அப்பாவின் தங்கையாகவும் இருக்கலாம், மாமாவின் மனைவியாகவும் இருக்கலாம். பெரியம்மா அம்மாவின் அக்காவா, பெரியப்பாவைக் கட்டிக்கொண்டவரா? சித்தப்பா என்று கூப்பிடுகிறவர் சித்தியின் கணவராக இருந்தால் அவருடைய இனிப்பு நீர் உங்கள் தாளில் ஏறாது. அண்ணன் என்ற சொல்லைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கூடப் பிறந்தவரும் அண்ணன், பெரியப்பா மகனும் அண்ணன், தோட்டத்தில் பக்கத்து வீட்டில் வளர்ந்தவரும் அண்ணன். மருத்துவர் ‘அண்ணனுக்கு இருக்கிறதா’ என்று கேட்கும்போது கூடப் பிறந்தவரைத்தான் கேட்கிறார். ஆகவே ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அவர் யாருக்குப் பிறந்தவர் என்று எழுதுங்கள். குழப்பம் தீர்ந்துவிடும்.

இன்னொன்று, சொந்தத்தில் திருமணம். உங்கள் அப்பா தன் மாமன் மகளைக் கட்டியிருந்தால், அப்பாவைப் பெற்ற பாட்டியும் அம்மாவைப் பெற்ற தாத்தாவும் கூடப் பிறந்தவர்கள். அவர்களைப் பெற்றவர்களின் மரபு இரண்டு வழியாகவும் உங்களிடம் வந்து சேர்ந்திருக்கலாம். தாளில் அந்த இரண்டு கோடுகளையும் இணைத்துக் காட்டுங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள், ஏனென்றால் இந்தக் கேள்வி பாரத்தில் இருக்காது.

தத்துப் பிள்ளையாக வளர்ந்தவர்களும், சின்ன வயதிலேயே குடும்பத்தைப் பிரிந்தவர்களும் இந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு, ‘தெரியாது’ என்று எழுதுங்கள். தெரியாததற்கு ‘இல்லை’ என்று கோடு போடாதீர்கள்.

இரண்டாம் படி: கேட்கும் விதம்

“உங்களுக்கு இனிப்பு நீர் இருக்கா?” என்று நேரடியாகக் கேட்டால் பாதிப் பேர் மழுப்பிவிடுவார்கள். அதில் வெட்கம் இருக்கிறது, பெண்ணுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் வெளியே தெரிந்துவிடுமே என்ற பயமும் இருக்கிறது. என் அனுபவத்தில் இதைவிட நன்றாக வேலை செய்த கேள்வி: “தினமும் என்ன மாத்திரை சாப்பிடுறீங்க, காட்டுங்களேன்.” மருந்துப் பை வெளியே வந்துவிட்டால் பேச்சும் வந்துவிடும். மெட்ஃபார்மின், கிளிக்லசைடு போன்ற பெயர்கள் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். மெட்ஃபார்மின் மட்டும் இருந்தால் எதற்காகக் கொடுத்தார்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள், சினைப்பை நீர்க்கட்டிக்கும் சிலருக்கு அதைக் கொடுப்பதுண்டு.

“கொஞ்சமா சர்க்கரை இருக்கு”, “பார்டர்ல இருக்கு”, “முன்னாடி இருந்துச்சு, இப்ப சரியாப் போச்சு”. இந்த மூன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். உணவாலும் மருந்தாலும் அளவு இறங்கியிருந்தாலும் குடும்ப வரலாற்றுக் கணக்கில் அது ‘உண்டு’ என்றே சேரும்.

அப்புறம் வயது. யாருக்கு இருக்கிறது என்பதைக் கேட்டுவிட்டு நின்றுவிடாதீர்கள், எத்தனை வயதில் கண்டுபிடித்தார்கள் என்பதையும் கேளுங்கள். 72 வயதில் வந்த பாட்டியும் 38 வயதில் வந்த அப்பாவும் ஒரே எடை கிடையாது. பெரியவர்களுக்கு வருடம் நினைவில் நிற்காது, நிகழ்ச்சி நிற்கும். “தம்பி பிறக்கறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?” “தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்த பிறகா?” என்று கேட்டால் வயதைக் கணக்குப் போட்டுவிடலாம். எங்கள் அப்பாவுக்கு அப்படித்தான் கண்டுபிடித்தேன். நான் ஆறாம் படிவம் (பள்ளியின் கடைசி வகுப்பு) படித்த வருடம். அப்போது அவருக்கு 47.

ஊசி போடுகிறவர்களைப் பற்றியும் ஒரு விளக்கம் தேவை. பல வருடம் மாத்திரை சாப்பிட்டுப் பிறகு இன்சுலினுக்கு மாறியவருக்கு இருப்பது பெரும்பாலும் சாதாரண இரண்டாம் வகைதான். பள்ளி வயதில் திடீரென்று மெலிந்து, ஆஸ்பத்திரியில் சேர்த்து, அன்றிலிருந்தே இன்சுலின் போடுகிறவருக்கு முதல் வகையாக இருக்கலாம். அது வேறு நோய், வேறு காரணம், குடும்பத்தில் பரவும் விதமும் வேறு. அவரைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். நான் கீழே சொல்லும் கணக்கு இரண்டாம் வகைக்கு மட்டும்.

மூன்றாம் படி: கேட்க முடியாதவர்கள்

போனவர்களிடம் மருந்துப் பை கேட்க முடியாது. நம் தாத்தா பாட்டி காலத்தில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் இரத்தத்தில் சர்க்கரை பார்ப்பது எல்லாருக்கும் நடந்த காரியம் இல்லை. ஆனால் அவர்களைப் பற்றிய பேச்சு வீட்டில் மிச்சம் இருக்கும். காலில் புண் வந்து ஆறாமல் விரலையோ காலையோ எடுத்தது. கண் மங்கிப் போனது. கடைசிக் காலத்தில் டயாலிசிஸ். ராத்திரியில் நாலைந்து தடவை எழுந்து போனது, தாகம் தாகம் என்று தண்ணீர் குடித்தது. சிறுநீர் போன இடத்தில் எறும்பு மொய்த்தது என்று பாட்டிமார் சொல்வார்கள். அதை மூடநம்பிக்கை என்று தள்ளாதீர்கள், சிறுநீரில் சர்க்கரை இறங்கினால் எறும்பு வரத்தான் செய்யும். பாட்டிக்கு நான்கு கிலோவுக்கு மேல் எடையுள்ள பிள்ளைகள் பிறந்திருந்தால் அதையும் எழுதுங்கள்.

இவற்றில் எதுவும் தனியாக நின்றால் சாட்சியாகாது. சிறுநீரகம் இரத்தக் கொதிப்பாலும் கெடும், கண் புரையாலும் மங்கும். ஆகவே பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுக் காரணத்தை எழுதுங்கள். ‘தாத்தா? கால் விரல் எடுத்தது, 60 வயது சுமார்.’ டாக்டருக்கு அது போதும்.

“எங்க தாத்தாவுக்கு ஒண்ணுமே இல்ல, 85 வயசு வரைக்கும் இருந்தாரு” என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அவர் விடியற்காலையில் எழுந்து ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டப் போனவர். மேடு பள்ளமெல்லாம் ஏறி இறங்கி, பால் வாளி சுமந்து நடந்தவர். அதே உடம்பின் மரபு, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் நாற்காலியில் உட்கார்ந்து 12 மணி நேர ஷிஃப்ட் பார்க்கும் பேரனிடம் அதே மாதிரி நடந்துகொள்ளும் என்று எதிர்பார்க்க முடியாது.

நான்காம் படி: எடை போடுவது

பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு இது. பெற்றோரில் ஒருவருக்கு இரண்டாம் வகை இருந்தால் பிள்ளைக்கு வாழ்நாளில் வரும் வாய்ப்பு சுமார் 40 விழுக்காடு. இருவருக்கும் இருந்தால் 70க்கு அருகில். கூடப் பிறந்தவருக்கு இருந்தாலும் ஆபத்து மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு கூடும். இதில் மரபணு மட்டும் இல்லை. ஒரே வீட்டில் ஒரே சட்டியில் சாப்பிட்டு, ஒரே மாதிரி உட்கார்ந்து வளர்ந்ததும் சேர்ந்திருக்கிறது.

இந்த எண்களைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். உங்களுக்கென்று ஒரு கணக்கு வேண்டும், அதற்கு மதிப்பெண் அட்டைகள் இருக்கின்றன. எனக்குப் பிடித்தது சென்னையிலிருந்து வந்தது. டாக்டர் வி. மோகனும் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையைச் சேர்ந்தவர்களும் 2005இல் வெளியிட்ட இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண். நம்மைப் போன்ற உடல்வாகு உள்ளவர்களை வைத்துக் கணக்கிட்டது, ஒரு அளவு நாடா இருந்தால் வீட்டிலேயே போட்டுவிடலாம்.

மொத்தம் 100. வயது 35க்குக் கீழ் என்றால் 0, 35 முதல் 49 வரை 20, 50உம் அதற்கு மேலும் 30. இடுப்புச் சுற்றளவு பெண்ணுக்கு 80 செண்டிமீட்டருக்குள், ஆணுக்கு 90க்குள் இருந்தால் 0. பெண்ணுக்கு 80 முதல் 89, ஆணுக்கு 90 முதல் 99 வரை 10. அதற்கும் மேல் 20. உடற்பயிற்சியும் உண்டு, வேலையும் உடல் உழைப்பு என்றால் 0. இரண்டில் ஒன்று மட்டும் என்றால் 20. இரண்டும் இல்லையென்றால் 30. பெற்றோரில் யாருக்கும் இல்லையென்றால் 0, ஒருவருக்கு 10, இருவருக்கும் 20. கூட்டிப் பார்த்து 60 அல்லது அதற்கு மேல் வந்தால் அதிக ஆபத்து. 30 முதல் 59 வரை நடுத்தரம்.

இடுப்பை அளக்கும்போது சிலுவார் (கால்சட்டை) பட்டை நிற்கும் இடத்தில் அளக்காதீர்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் முனைக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்ட பிறகு அளக்க வேண்டும்.

என் தம்பிக்குப் போட்டுக் காட்டுகிறேன். வயது 36, அதற்கு 20. அப்பாவுக்கு மட்டும் உண்டு, 10. இடுப்பு 94, அதற்கு 10. லாரிக் கம்பெனியில் கணக்கு வேலை, நடையே கிடையாது, 30. மொத்தம் 70. அவன் தினமும் நடந்து இடுப்பை 89க்குக் கொண்டுவந்தால் 50 ஆகிவிடும். அப்பாவிடமிருந்து வந்த 10 எங்கேயும் போகாது, வயதுக்கான 20உம் போகாது. குறைந்த 20உம் அவன் கையில் இருந்தது. இந்தக் கணக்கைப் பார்த்த பிறகுதான் அவன் என் பேச்சைக் காதில் வாங்கினான்.

ஆனால் இந்த அட்டை பெற்றோரை மட்டுமே பார்க்கிறது. அண்ணனுக்கோ அக்காவுக்கோ இருந்து பெற்றோருக்கு இல்லையென்றால் உங்கள் மதிப்பெண்ணில் அது தெரியாது. பின்லாந்தில் உருவாக்கிய இன்னொரு அட்டை கூடப் பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் பெற்றோருக்குச் சமமாக வைத்து 5 மதிப்பெண் கொடுக்கிறது, தாத்தா, பாட்டி, அத்தை, மாமா வழிக்கு 3. ஆகவே சென்னை அட்டையில் குறைவாக வந்தாலும், கூடப் பிறந்தவருக்கு இருந்தால் நீங்கள் அடுத்த படிக்குப் போக வேண்டியவர்தான்.

குடும்பத்தில் மூன்று தலைமுறையாக, ஒல்லியான உடம்போடு, 25 வயதுக்கு முன்பே வந்திருந்தால் அதை டாக்டரிடம் அழுத்திச் சொல்லுங்கள். ஒரே மரபணு மாற்றத்தால் வரும் அபூர்வமான வகை ஒன்று உண்டு. அதற்குச் சிகிச்சையே மாறலாம்.

ஐந்தாம் படி: இரத்தம் கொடுப்பது

இலவசப் பரிசோதனைத் திட்டங்கள் இங்கே இருக்கின்றன. சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சந்தாதாரர்களுக்கு உண்டு, குறைந்த வருமானக் குடும்பங்களுக்குப் பெக்கா பி40 உண்டு. இரண்டும் 40 வயதிலிருந்துதான். முதல் வட்டத்தில் யாருக்காவது இருந்தால் 40 வரை காத்திருக்காதீர்கள். மலேசிய மருத்துவ வழிகாட்டி, ஆபத்துக் காரணி எதுவும் இல்லாதவர்களுக்கே 30 வயதிலிருந்து பார்க்கச் சொல்கிறது. எடையும் கூடி, குடும்பத்திலும் இருந்தால் அதற்கு முன்பே பார்க்கலாம். நம் ஆசிய உடலுக்கு உடல் எடைக் குறியீடு (பிஎம்ஐ) 23ஐத் தொட்டாலே எடை கூடிவிட்டது என்று பொருள், 25 வரை பொறுக்க வேண்டியதில்லை. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் தம்பிமாருக்கு அங்கே கட்டணம் கூடுதல், முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போங்கள்.

முந்தின இரவு சாப்பாட்டுக்குப் பிறகு குறைந்தது எட்டு மணி நேரம் தண்ணீர் மட்டும். காலையில் பசியாறாமல் போங்கள். ஒரு மடக்கு தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) கூட வேண்டாம். இரவு ஷிஃப்ட் முடித்து நேராகப் போகிறவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். தாளையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

வெறும் வயிற்றில் 6.0 வரை இயல்பு. 6.1 முதல் 6.9 வரை இனிப்பு நீருக்கு முந்தைய கட்டம். 7.0 அல்லது அதற்கு மேல் என்றால் இனிப்பு நீர். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி இங்கே 5.7 விழுக்காட்டுக்குக் கீழ் இயல்பு, 5.7 முதல் 6.2 வரை முந்தைய கட்டம், 6.3இலிருந்து இனிப்பு நீர். மற்ற நாட்டுக் கட்டுரைகளில் 6.5 என்று படித்திருப்பீர்கள். மலேசிய வழிகாட்டி எல்லையைக் கீழே வைத்திருக்கிறது. தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய் உள்ளவர்களுக்கும் இரத்தச் சோகை உள்ளவர்களுக்கும் ஹெச்பிஏ1சி தவறாகக் காட்டலாம், அவர்களுக்கு மற்ற பரிசோதனைதான் சரி. அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஒரு தடவை கூடுதலாக வந்தால் இன்னொரு நாள் மறுபடியும் பார்த்துத்தான் முடிவு சொல்வார்கள். அதற்குள் கலங்க வேண்டாம்.

ஊரில் இருக்கும் சொந்தக்காரர்கள் “எனக்கு 180 இருக்கு” என்று சொன்னால் மலைக்காதீர்கள். அங்கே அளவுமுறை வேறு, டெசிலிட்டருக்கு மில்லிகிராம். 18ஆல் வகுத்தால் நம் கணக்கு வரும்: 10.

பெண்களுக்கு இன்னொரு வாசல் இருக்கிறது. அம்மாவுக்கோ அப்பாவுக்கோ கூடப் பிறந்தவருக்கோ இருந்தால், கர்ப்பம் என்று தெரிந்து முதல் தடவை கிளினிக்குக்குப் போகும்போதே சொல்லிவிடுங்கள். 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் இரத்தம் எடுப்பார்கள். கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்தவர்கள் பிள்ளை பிறந்து ஆறு வாரத்தில் மீண்டும் பார்க்க வேண்டும். பச்சை உடம்புக்காரி, பத்தியம், எண்ணெய்க் குளியல் என்று வீடு பரபரப்பாக இருக்கும் நேரம் அது. நிறையப் பேர் இந்த ஒன்றை விட்டுவிடுகிறார்கள். வீட்டில் இருக்கும் அம்மாவோ மாமியாரோ நாள் குறித்து வைத்து, தாயைக் கூட்டிக்கொண்டு போனால் பெரிய உதவி.

எண் வந்த பிறகு

இயல்பாக வந்தால் தேதியைத் தாளில் எழுதி வைத்துவிட்டு அடுத்த வருடம் அதே மாதம் போங்கள். முந்தைய கட்டம் என்றால், திருப்பிப் போக வழி இருக்கிறது. அமெரிக்காவில் 2002இல் வெளியான பெரிய ஆய்வில், எடையில் 7 விழுக்காடு குறைப்பதும் வாரத்துக்கு 150 நிமிடம் நடப்பதும் இலக்காக இருந்தன. அதைப் பின்பற்றிய குழுவில் நோயாக மாறுவது 58 விழுக்காடு குறைந்தது. சென்னையில் டாக்டர் இராமச்சந்திரன் குழு 2006இல் வெளியிட்ட ஆய்வில் அந்தக் குறைவு 28.5 விழுக்காடு. நம்மவர்களுக்கு அவ்வளவு எளிதில் இறங்காது என்று அதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். ஆனாலும் இறங்கும். எனக்கு இறங்கியது: தே தாரிக்கை (பால் தேநீர்) விட்டுத் தே ஓ கொசோங் (பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்), நாசி கண்டார் கடையில் பாதிச் சோறு, வாரத்தில் ஐந்து நாள் தண்ணீர்மலைப் பூங்காவில் அரை மணி நேர நடை. ஒன்றரை வருடத்தில் வெறும் வயிற்றில் 5.6.

தாளைப் படம் எடுத்துக் கூடப் பிறந்தவர்களுக்கு அனுப்புங்கள். பெற்ற பிள்ளைகளைத் தவிர, உங்கள் முதல் வட்டம்தான் அவர்களுடைய முதல் வட்டமும். ஒருவர் கேட்டுத் தெரிந்துகொண்டது நாலு பேருக்கு உதவும். உங்களுக்கே முந்தைய கட்டமோ நோயோ வந்திருந்தால், அப்பா மாதிரி சாமி மேடைக்குப் பின்னால் வைக்காதீர்கள். பிள்ளைகளிடம் சொல்லுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி சொல்லலாம்.

எங்கள் வீட்டில் அந்தத் தாள் பிறப்புப் பத்திரங்கள் இருக்கும் கோப்பில் இருக்கிறது. தீபாவளிக்கு எல்லாரும் கூடும்போது எடுத்து வைத்து, புதிதாக ஏதாவது இருந்தால் எழுதுவோம். போன தீபாவளிக்குச் சேர்ந்த வரி தம்பியின் கையெழுத்தில் இருக்கிறது: ‘36 வயது, ஹெச்பிஏ1சி 5.8, அடுத்தது ஏப்ரலில்.’